கிண்ணம் சொல்லும், கோப்பை கேட்கும்

ஜியாவ்ஸி, மோமோ, ஹின்காலி, தொர்தெல்லினி, கியோசா… உலகம் முழுக்க மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கிறார்கள். பொதுவாக இவற்றை டம்ப்ளிங் என்கிறார்கள். எதனுடன் எந்த ஒயின் சேரும்? விடை பூரணத்தில் இல்லை. பக்கத்தில் வைத்திருக்கும் கிண்ணத்தில் இருக்கிறது.

ஒயின் எங்கே பிறந்தது என்று ஜார்ஜியர்களிடம் கேட்டால் யோசிக்காமல் தங்கள் மண்ணைக் காட்டுவார்கள். சும்மா சொல்லவில்லை, சான்று இருக்கிறது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்று இரண்டு பழங்காலக் குடியிருப்பு மேடுகள் உள்ளன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் ஒட்டியிருப்பதை 2017-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் வயது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள். ‘க்வெவ்ரி’ என்னும் மண் தாழியைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, அதில் ஒயினை ஊறவைக்கும் அவர்களுடைய முறையை 2013-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்தது.

அதே ஜார்ஜியாவின் இன்னொரு பெருமை ஹின்காலி. மடிப்பு மடிப்பாகச் சுருக்கிய மாவுப் பை. உச்சியில் ஒரு குடுமி. உள்ளே கொத்திய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, வெங்காயம், வெந்ததும் ஊறி நிற்கும் கொதிசாறு. கரண்டி, முள்கரண்டி எதுவும் கூடாது. குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிய பிறகே மற்றதெல்லாம். குடுமியைத் தின்பதில்லை. யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்பதற்குத் தட்டில் மிஞ்சிய குடுமிகள்தான் கணக்கு.

இவ்வளவு ஒயினும் இவ்வளவு ஹின்காலியும் இருக்கும் நாட்டில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் இல்லை. ஹின்காலிக்கு பீர் என்பதுதான் அங்கே வழக்கம். பீர் வேண்டாம் என்பவருக்குத் திராட்சைச் சக்கையில் வடித்த சாச்சா உண்டு. காரணம் மலை. ஹின்காலி ப்ஷாவி, ஹெவ்சுரேத்தி போன்ற காகசஸ் மலைப்பகுதிகளின் உணவு. அந்த உயரத்தில் திராட்சை பழுக்காது, பார்லி விளையும். கோயில் திருவிழாவுக்கே பார்லி பீர் காய்ச்சியவர்கள் அந்த மக்கள். ஒயினோ கிழக்கே காகெத்தி பள்ளத்தாக்கின் விளைச்சல். ஹின்காலி மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கியபோது பீரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இந்தக் கதை ஜார்ஜியாவோடு முடிவதில்லை. கோதுமையும் கடுங்குளிரும் சேர்ந்த நிலங்களில்தான் டம்ப்ளிங் செழித்தது. வட சீனம், திபெத், சைபீரியா, போலந்து என்று அந்தப் பட்டை நீள்கிறது. திராட்சைக் கொடிக்கு வேண்டியது வேறு தட்பவெப்பம். அதனால் ஜியாவ்ஸிக்கு வெள்ளை மது பைஜியு, சைபீரியாவின் பெல்மேனிக்கு வோட்கா, மோமோவுக்குப் பார்லியில் புளிக்கவைத்த சாங் என்று அவரவர் ஊரில் கிடைத்ததே துணையானது. டம்ப்ளிங்கின் வரைபடமும் ஒயினின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்கள் மிகச் சில. ஆகவே இந்தப் பொருத்தத்தில் பாட்டி சொன்ன வழி நமக்கு அதிகம் கிடைக்காது. நாக்கைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கறியா, மீனா என்பது தவறான கேள்வி

உணவகத்தில் ஒயின் பரிமாறுபவர் முதலில் கேட்பது “கறியா, மீனா?” என்றுதான். கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்பது பழைய பாடம். டம்ப்ளிங் மேசையில் அந்தப் பாடம் உதவாது. உள்ளே இருக்கும் பூரணம் ஒரு ஸ்பூன் அளவுதான். அதை மூடியிருக்கும் சொப்புக்குத் தனிச் சுவை குறைவு. வாய்க்குள் முதலில் இறங்கி அதிகாரம் செய்வது தொட்டுக்கொள்ளும் பொருள். இட்லி ஒன்றுதான், சட்னியா மிளகாய்ப்பொடியா என்பதில்தான் சாப்பாடே மாறுகிறது அல்லவா, அதே கதைதான் இங்கும்.

அதே பன்றி இறைச்சிப் பூரணம் வட சீனத்தில் கருப்பு வினிகரில் தோயும், சிச்சுவானில் மிளகாய் எண்ணெயில் மிதக்கும், போலோன்யாவில் கறிச்சாற்றில் நீந்தும். மூன்றுக்கும் மூன்று ஒயின் வேண்டும். எனவே தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் புளிப்பு இருக்கிறதா, உப்பும் உமாமி என்னும் இறைச்சிச்சாற்றுச் சுவையும் இருக்கிறதா, காரம் இருக்கிறதா, கொழுப்பு இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் கோப்பை தானாகத் தெரிந்துவிடும்.

நாக்கில் நடக்கும் நான்கு சண்டைகள்

முதலில் துவர்ப்பு. சிவப்பு ஒயினுக்குத் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானின் இறங்குகிறது. அது எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டும். உணவில் கொழுப்பும் உப்பும் இருந்தால் அந்த வறட்சி தணியும். உமாமி மட்டும் இருந்தால் துவர்ப்பு கசப்பாகத் திரும்பும். உமாமி என்ற சுவையை 1908-ல் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டியவர் டோக்கியோ வேதியியலாளர் கிகுனாயே இகெடா. சோயா சாஸ், காளான், இறால், பன்றி இறைச்சி என்று டம்ப்ளிங்கில் வருவதெல்லாம் உமாமி நிறைந்தவை. கபர்னே சொவின்யோன் போன்ற முரட்டுச் சிவப்பு ஒயின் டம்ப்ளிங் மேசையில் அடிக்கடி தோற்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது புளிப்பு. உணவு புளித்தால் ஒயினின் புளிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். ஏற்கெனவே புளிப்பு குறைந்த ஒயின் என்றால் வினிகருக்குப் பின்னால் சப்பென்று தண்ணீராகிவிடும். கிண்ணத்தில் இருப்பதைவிடக் கோப்பையில் இருப்பது ஒரு பிடி கூடுதலாகப் புளிக்க வேண்டும்.

மூன்றாவது காரம். மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு முனை உண்மையில் வெப்பத்தை உணர்வதற்கானது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்பின் சூடே அதைவிட அதிகம். 15 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினைக் காரச் சட்னியோடு குடித்தவர் கண்ணில் நீர் வருவது இதனால்தான். காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிச்சமுள்ள ஒயினே நண்பன்.

நான்காவது சூடு. டம்ப்ளிங் ஆவி பறக்க வரும். கொதிசாறு பட்ட வாயில் ஒயின் இன்னும் எரிக்கும், துவர்ப்பு இன்னும் உறுத்தும். ஒயினை நன்றாகக் குளிரவைத்திருப்பதும், முதல் வாயை விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

வினிகர்க் கிண்ணம்: ஜியாவ்ஸியும் சியாவ்லோங்பாவும்

சீனத்தின் மேற்கே துர்ஃபான் பாலைவனத்தில் அஸ்தானா என்ற இடத்துக் கல்லறைகளில் தாங் வம்சக் காலத்து டம்ப்ளிங் காய்ந்து உறைந்த நிலையில் கிடைத்திருக்கிறது. பார்த்தவுடன் இன்றைய ஜியாவ்ஸி என்று சொல்லிவிடலாம். ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங், பனியில் காது புண்ணாகிப்போன ஏழைகளுக்காக ஆட்டுக்கறியும் மூலிகையும் வைத்துக் காது வடிவில் மடித்துக் கொடுத்தார் என்பது கதை. கதை எப்படியோ, வடக்கே சீனப் புத்தாண்டு இரவில் குடும்பமே உட்கார்ந்து ஜியாவ்ஸி மடிப்பது இன்றும் நடக்கிறது.

ஜியாவ்ஸியின் கிண்ணத்தில் கருப்பு வினிகரும் பூண்டும் இருக்கும். ஆகவே கூர்மையான புளிப்புள்ள ஒயின் தேவை. ஜெர்மனி அல்லது ஆஸ்திரியாவின் இனிப்பில்லாத ரீஸ்லிங், பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு சேனின் பிளாங் இரண்டும் வினிகருக்கு ஈடுகொடுக்கும். சிவப்பு வேண்டும் என்பவர் துவர்ப்பு குறைந்த, புளிப்பு நிறைந்த இத்தாலிய பார்பேராவைக் குளிரவைத்துக் குடிக்கலாம். ஜியாவ்ஸியின் தாயகத்தில் ஒயின் புதிய விருந்தாளியும் அல்ல. ஷான்டோங் கடற்கரையின் யந்தாயில் சாங்யூ ஒயின் ஆலை 1892-லேயே தொடங்கிவிட்டது. தொடங்கிய ஜாங் பிஷி பினாங்கில் மாளிகை கட்டி வாழ்ந்த பெருவணிகர். ஜார்ஜ்டவுனில் அந்த நீல மாளிகை இன்றும் நிற்கிறது.

தெற்கே ஷாங்காய் வட்டாரத்துக்கு வந்தால் சியாவ்லோங்பாவ். மெல்லிய சொப்புக்குள் கறியோடு சூப்பும் இருக்கும். பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவிட்டு இறுகவைத்த ஜெல்லியைப் பூரணத்தில் கலக்கிறார்கள். ஆவியில் வேகும்போது ஜெல்லி உருகிச் சூப்பாகிறது. ஷாங்காய்க்கு வெளியே நான்ஷியாங் இதன் பிறந்த ஊராகப் பேசப்படுகிறது. உலகம் முழுக்கப் பரப்பியது தைபேயின் தின் தாய் ஃபுங். 1958-ல் சமையல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கி, 1970-களில் டம்ப்ளிங்குக்கு மாறிய கடை அது. ஒவ்வொன்றிலும் 18 மடிப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

இதன் கிண்ணத்தில் ஜென்ஜியாங் வினிகரும் நூலாக நறுக்கிய இஞ்சியும். ஜென்ஜியாங் வினிகர் பசை அரிசியில் பிறந்தது. புளிப்போடு ஒரு வறுத்த மணமும் லேசான இனிப்பும் கொண்டது. உள்ளூர் வழக்கம் வெதுவெதுப்பாகச் சூடாக்கிய ஷாவ்ஷிங் அரிசி ஒயின். அந்த ஊறிய, கொட்டை வாசனை கொண்ட சுவைக்குத் திராட்சை உலகில் நெருங்கிய உறவு ஸ்பெயினின் அமொன்தியாதோ ஷெரி. வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொள்பவர் அதை விட்டுவிட்டு ஷாம்பேனுக்குப் போகலாம். அந்தப் புளிப்பும் குமிழியும் ஜெல்லிக் கொழுப்பை வாயிலிருந்து துடைத்துவிடும்.

கிண்ணமே இல்லாத இறால்

கான்டன் திம்சம் மேசையின் ஹார்காவ் வேறு மாதிரி. கோதுமை ஸ்டார்ச்சில் செய்த கண்ணாடிச் சொப்பு, உள்ளே முழு இறால். எதிலும் தோய்க்காமல் அப்படியே சாப்பிடுவோர் நிறைய. கிண்ணம் இல்லாதபோதுதான் பூரணம் பேசத் தொடங்குகிறது.

இங்கே சிவப்பு ஒயினைத் தொடவே கூடாது. ஏன் என்பதை ஜப்பானின் மெர்சியன் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தார்கள். சிப்பி வகையான ஸ்காலப்பைப் பல ஒயின்களோடு சுவைத்துப் பார்த்ததில், இரும்புச் சத்து கூடுதலாக இருந்த ஒயின்கள் வாயில் மீன் கவிச்சியைக் கிளப்பின. சிவப்பு ஒயின்களில்தான் பொதுவாக அந்த இரும்பு அதிகம். ஆகவே ஹார்காவுக்கு பிரான்சின் ஷப்ளி, ஸ்பெயின் கடற்கரையின் அல்பரீன்யோ போன்ற மெலிந்த வெள்ளைகள். ஷூமாய் என்ற இன்னொரு திம்சம் டம்ப்ளிங்கோடு சோயாவும் கடுகும் வந்தால் மன்சனிய்யா ஷெரியைக் குளிரக் குளிர வையுங்கள். அதில் துளி இனிப்போ டானினோ கிடையாது. உப்பும் உமாமியும் அதைக் கசப்பாக்க வழியில்லை.

காரக் கிண்ணம்: மோமோவும் சிச்சுவானும்

திபெத்தியர்களோடு இமயமலை தாண்டி வந்த மோமோ, டார்ஜிலிங், டெல்லி வழியாக இறங்கி இன்று சென்னைத் தெருவோரத் தள்ளுவண்டிவரை வந்துவிட்டது. நேபாளத்தில் அதற்குத் துணை தக்காளி, எள், நாக்கை மரக்கவைக்கும் திமூர் சேர்த்து அரைத்த அச்சார். நம் தெருக்களில் கண்சிவக்கும் மிளகாய்ச் சட்னி, சமாதானத்துக்கு ஓரமாக மயோனைஸ். சிச்சுவானில் சாவ்ஷோ என்ற டம்ப்ளிங் மிளகாய் எண்ணெயிலேயே முழுகி வரும்.

மூன்றுக்கும் வழி ஒன்றுதான். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் ‘கபினெட்’ என்று எழுதியிருக்கும் புட்டியைத் தேடுங்கள். பழைய பாணியில் செய்ததில் ஆல்கஹால் 8, 9 விழுக்காடுதான். திராட்சையின் இனிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த இனிப்பு திகட்டாமல் தாங்கிப்பிடிக்கக் கூர்மையான புளிப்பும் இருக்கும். இந்தியாவில் கிடைப்பதில் நாசிக் பக்கத்து சேனின் பிளாங்கில் லேசான இனிப்புள்ளவை தெருவோர மோமோவுக்கு ஈடுகொடுக்கும்.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். ஆசிய உணவு என்றாலே கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று ஒயின் புத்தகங்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும். அதன் லிச்சி, ரோஜா வாசனை மயக்குவது உண்மை. ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹால் பெரும்பாலும் 13, 14 விழுக்காடு. மிளகாய்க்கு அது எண்ணெய் ஊற்றும். இஞ்சி, நட்சத்திர சோம்பு மணக்கும், காரம் இல்லாத டம்ப்ளிங்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். காரம் உச்சத்தில் இருக்கும்போது குமிழி ஒயினும் வேண்டாம். எரியும் நாக்கில் குமிழி ஊசியாகக் குத்தும்.

மொறுமொறு கியோசா

இரண்டாம் உலகப் போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் ஜியாவ்ஸியின் நினைவோடு வந்தார்கள். அது கியோசா ஆனது. சொப்பு மெலிந்தது, பூண்டு கூடியது, அடிப்பக்கம் கல்லில் பொன்னிறமாக முறுகியது. அரசு எடுக்கும் குடும்பச் செலவுக் கணக்கில் கியோசாவுக்கு அதிகம் செலவழிக்கும் நகரம் எது என்று உட்சுனோமியாவும் ஹமாமட்சுவும் ஆண்டுதோறும் மல்லுக்கு நிற்கும். அண்மையில் மியாசாகியும் களத்தில் குதித்துவிட்டது.

எண்ணெயில் முறுகியதற்கு ஜப்பானியர் பீர் குடிப்பதில் நியாயம் இருக்கிறது. குமிழி கொழுப்பைக் கழுவுகிறது. ஒயினில் அதே வேலையைச் செய்வது ஸ்பெயினின் காவா, பிரான்சின் க்ரெமோன் போன்ற விலை அடக்கமான குமிழி ஒயின்கள். ஜப்பானுக்கு உள்ளேயே ஓர் அழகான ஜோடி இருக்கிறது. உட்சுனோமியா தொச்சிகி மாநிலத்தின் தலைநகர். அதே மாநிலத்தின் அஷிகாகாவில், மனவளர்ச்சி குன்றிய மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் 1950-களில் செங்குத்தான மலைச்சரிவைத் திருத்தித் திராட்சைத் தோட்டம் போட்டார்கள். அதிலிருந்து வளர்ந்தது கோகோ ஃபார்ம் ஒயின் ஆலை. 2000-ல் ஒக்கினாவாவில் ஜி8 தலைவர்கள் கூடிய விருந்தில் பரிமாறப்பட்டது அவர்களுடைய குமிழி ஒயின். உலகத் தலைவர்கள் குடித்ததைப் பக்கத்து ஊர்க் கியோசாவோடு குடிப்பதில் என்ன தடை?

ஒரே மண்ணில் வளர்ந்தவை

டம்ப்ளிங்கும் திராட்சையும் உண்மையிலேயே ஒரே மண்ணைப் பங்குபோட்ட சில இடங்கள் ஐரோப்பாவில் உண்டு. கிண்ணத்தின் ஆட்சிக்கு அங்கேதான் நல்ல சாட்சி கிடைக்கிறது.

இத்தாலியின் போலோன்யாவில் தொர்தெல்லினி சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். பன்றி இறைச்சி, ப்ரொஷூத்தோ, மொர்தாதெல்லா, பார்மிஜானோ பாலாடைக்கட்டி, ஜாதிக்காய் சேர்ந்த பூரணத்தின் அளவுகளை 1974 டிசம்பர் 7 அன்று நகர வணிகக் கழகத்தில் பத்திரமாகவே பதிவு செய்துவைத்தார்கள். தெளிந்த கறிச்சாற்றில் மிதக்கும் இதற்குப் பக்கத்து மோதேனாவின் லாம்புருஸ்கோ. சிவப்பு ஒயின்தான், ஆனால் நுரைக்கும், குளிரக் குடிப்பார்கள். சொர்பாரா வகையில் டானின் குறைவு, புளிப்பு அதிகம். கொழுத்த சாறும் பாலாடைக்கட்டியும் நாக்கில் படிவதை அது ஒரே மடக்கில் விலக்கிவிடும். வடக்கே மாந்துவாவில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். அங்கே அன்யோலி என்ற டம்ப்ளிங் மிதக்கும் சாற்றுக் கிண்ணத்திலேயே லாம்புருஸ்கோவை ஊற்றிக் குடிப்பது பழைய வழக்கம்.

இத்தாலியின் பியத்மொன்த்தே மலைச்சரிவுகளில் அன்யொலொத்தி தெல் ப்ளின். மீந்த வறுகறியைக் கீரையோடு கொத்தி உள்ளே வைத்து, விரலால் கிள்ளி மூடுவார்கள். அதைப் பரிமாறும் விதம் மூன்று. வெந்ததை வெறும் துணியில் கொட்டி, எதுவும் சேர்க்காமல் தின்பது ஒன்று. ஒயின் ஊற்றிய கிண்ணத்தில் போட்டுத் தின்பது இன்னொன்று. கறி வறுத்த சாற்றில் புரட்டுவது மூன்றாவது. துணியில் வந்தால் இலகுவான டோல்செட்டோ போதும். வறுகறிச் சாற்றில் புரண்டு வந்தால் நெபியோலோவின் துவர்ப்பையும் அது தாங்கும். உள்ளே இருப்பது மாறவில்லை, வெளியே இருப்பது மாறியதும் ஒயின் மாறிவிட்டது.

ஜெர்மனியின் ஷ்வாபியாவிலும் இதே பாடம். மவுல்பிரோன் மடத்துத் துறவிகள் தவக்காலத்தில் கடவுளுக்குத் தெரியாமல் கறியை மாவுக்குள் ஒளித்துத் தின்றார்கள் என்று குறும்பாகச் சொல்லப்படும் மவுல்டாஷன், 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. சாற்றில் வந்தால் உள்ளூர் ட்ரோலிங்கர் என்ற மெல்லிய சிவப்பு. அதையே நறுக்கி முட்டையோடு வறுத்து, வினிகர் சேர்த்த உருளைக்கிழங்கு சாலட்டோடு கொடுத்தால் இனிப்பில்லாத ரீஸ்லிங். இரண்டும் அந்த வூர்ட்டம்பெர்க் மலைச்சரிவிலேயே விளைகின்றன.

துருக்கியின் கைசேரியில் மான்டி கடலையளவு சிறியது. ஒரு கரண்டியில் 40 கொள்ள வேண்டும் என்பது மணப்பெண்ணின் கைத்திறனுக்கு வைக்கும் சோதனை. மேலே பூண்டுத் தயிர், அதன்மேல் மிளகாய்த்தூள் பொரித்த வெண்ணெய், காய்ந்த புதினா. தயிரின் புளிப்பும் வெண்ணெயின் கொழுப்பும் ஒரே தட்டில். பக்கத்துக் கப்படோகியாவில் விளையும் எமிர் என்ற வெள்ளைத் திராட்சை மெலிந்தது, புளிப்பானது. தயிருக்கு அதைவிடப் பொருத்தமான அண்டை வீட்டான் கிடைப்பது கடினம்.

ஹின்காலி விஷயத்தில் பீர்க் கட்சியோடு நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. ஆனால் அந்தத் தட்டில் வினிகர் இல்லை, சோயா இல்லை, மிளகாய் எண்ணெய் இல்லை. மேலே தூவிய கருமிளகு மட்டும்தான். சிவப்பு ஒயினுக்கு டம்ப்ளிங் உலகில் இவ்வளவு திறந்த கதவு வேறெங்கும் அரிது. மிளகின் மணத்துக்குக் காரணமான ரொட்டன்டோன் என்ற பொருள் ஷிராஸ் ஒயினிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆஸ்திரியாவின் வெள்ளை ஒயின் க்ரூனர் வெல்ட்லினரிலும் அது உண்டு. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது என்பது வேறு கதை. குளிர்ந்த பகுதியில் விளைந்த ஷிராஸையோ, ஜார்ஜியாவின் சொந்தச் சப்பெராவியையோ மிளகு தூவிய ஹின்காலியோடு வைத்தால் ஒயினும் உணவும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளும்.

இனிப்புப் பூரணம்

ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கில் டான்யூப் ஓரமாகத் திராட்சையும் பாதாமி மரங்களும் கலந்து நிற்கும். முழுப் பாதாமிப் பழத்தை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டினால் மரில்லென்க்னோடெல். இனிப்புக்கு விதி ஒன்றே ஒன்று. உணவைவிட ஒயின் கூடுதலாக இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும். தாமதமாக அறுவடை செய்த ரீஸ்லிங் அல்லது ஹங்கேரியின் டொகாய் இங்கே சரி.

தேங்காயும் வெல்லமும் ஏலமும் நிறைந்த நம் பூரணக் கொழுக்கட்டையும் இந்தக் குடும்பம்தான். கணக்குப்படி டொகாய் அதற்கு அருமையாகப் பொருந்தும். பிள்ளையாருக்குப் படைத்ததன் பக்கத்தில் கோப்பையை வைக்க மனம் வருமா என்பது அவரவர் வீட்டு விவகாரம்.

குடிக்காதவர்களுக்கும் இதே கணக்கு

டம்ப்ளிங்குக்குத் துணை தேடும் கலையை உலகில் அதிகம் பண்படுத்தியவர்கள் ஒயின்காரர்கள் அல்ல, கான்டன் தேநீர்க்கடைக்காரர்கள். கொழுப்பான பதார்த்தங்களுக்குப் புளிக்கவைத்த கரும் பூஆர் தேநீர். இறாலுக்கு மல்லிகை மணக்கும் இளந்தேநீர். பூஆரோடு சாமந்திப்பூ சேர்த்துக் கொதிக்கவைப்பதும் உண்டு. தேநீரிலும் டானின் இருக்கிறது, மணம் இருக்கிறது, ஆல்கஹால் மட்டும் இல்லை. மேலே சொன்ன கணக்குகளில் பெரும்பகுதி தேநீருக்கும் பொருந்தும். காரத்துக்கு மட்டும் சூடான தேநீரை விட்டுவிட்டு, கொஞ்சம் சர்க்கரை போட்ட குளிர்ந்த எலுமிச்சைத் தேநீருக்குப் போங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள

• வினிகர், பூண்டு: இனிப்பில்லாத ரீஸ்லிங், சேனின் பிளாங், குளிரவைத்த பார்பேரா
• சோயா, கடுகு: மன்சனிய்யா ஷெரி
• மிளகாய் எண்ணெய், காரச் சட்னி: மோசல் கபினெட், லேசாக இனிக்கும் சேனின் பிளாங்
• எண்ணெயில் முறுகியது: காவா, க்ரெமோன்
• கறிச்சாறு, பாலாடைக்கட்டி: லாம்புருஸ்கோ
• தயிர், வெண்ணெய்: எமிர் போன்ற புளிப்பு வெள்ளை
• மிளகு மட்டும்: ஷிராஸ், சப்பெராவி, க்ரூனர் வெல்ட்லினர்
• வெல்லம், பழம்: டொகாய், தாமத அறுவடை ரீஸ்லிங்

ஒரே புட்டிதான் இருக்கிறதா?

நண்பர்கள் கூடும் மேசையில் ஐந்து வகை டம்ப்ளிங் வரும், வாங்கியது ஒரு புட்டியாக இருக்கும். அப்போது இருப்பதிலேயே முரட்டுக் கிண்ணத்துக்கு ஏற்றதை வாங்குங்கள். காரத்தைச் சமாளிக்கும் மோசல் ரீஸ்லிங் வினிகரையும் கறிச்சாற்றையும் சமாளித்துவிடும். கறிச்சாற்றுக்குப் பொருந்தும் நெபியோலோ மிளகாய் எண்ணெய் முன்னால் நிற்காது.

அப்படியும் சிலர் பிடிவாதமாகத் தங்களுக்குப் பிடித்த கனத்த சிவப்பு ஒயினைத்தான் கொண்டுவருவார்கள். அவர்களை மாற்ற முயல வேண்டாம், அவர்கள் முன்னால் இருக்கும் கிண்ணத்தை மாற்றுங்கள். சோயாவையும் வினிகரையும் மிளகாய் எண்ணெயையும் எடுத்துவிட்டு, உருக்கிய வெண்ணெயும் உப்பும் கருமிளகும் வையுங்கள். அதே ஜியாவ்ஸி, அதே ஒயின், ஆனால் சண்டை நின்றுவிடும். புட்டியின் விலை ஆயிரங்களில் இருக்கலாம். கிண்ணத்தில் இருப்பது சில ரூபாய்ச் சமாச்சாரம். எதை மாற்றுவது எளிது என்று சொல்லவும் வேண்டுமா?